சக்கரத்தில் வெட்டிய பெயர்

என் பெயர் ரஹ்மத்துல்லா, வயது 58, தகப்பனார் பெயர் அமீர் அலி. யாங்கோன் லான்மடாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பர்மிய மொழி எனக்கு நன்றாக வரும். ஆனாலும் இது என் மகள் விஷயம், ஒரு வார்த்தையும் பிசகக்கூடாது என்பதால் தமிழில் சொல்கிறேன். மொழிபெயர்ப்பவர் கோ தனசேகரன்.

என் மகள் ஸமீரா, வயது 24, மிங்கலாடோனில் ஒரு தனியார் வகுப்பில் விமானப் பொறியியல் நடத்துகிறாள். முதல் உலகப் போர் விமானங்களில் விமானிக்கு முன்னால் இயந்திரத் துப்பாக்கி, அதற்கும் முன்னால் புரொப்பெல்லர். சுட்டால் சொந்தப் புரொப்பெல்லரின் இறக்கையே உடையும். முதலில் இறக்கையில் இரும்புத் தகடு அடித்துச் சமாளித்தார்களாம். பிறகு மேடு வைத்த சக்கரம் ஒன்றைப் புரொப்பெல்லரோடு இணைத்து, இறக்கை விலகும்போது மட்டும் சுடும்படி செய்தார்களாம். அதை மாணவர்களுக்குக் காட்ட மாதிரி வேண்டும் என்றாள், செய்து கொடுத்தேன். துப்பாக்கிக்குப் பதில் சாக்பீஸ் செருகிய சிறு சுத்தியல்தான் அதில் இருக்கிறது. இறக்கைக்குக் கறுப்பு வர்ணம், பட்டால் வெள்ளை தெரியும்.

இன்று காலை பஸ்ஸில் அதைக் கொண்டுபோகையில் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து, அவளை இந்தப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தகவல் வந்ததும் நானும் வந்தேன். அவள் பெஞ்சில் இருந்தாள், ஒரு காலில் செருப்பு இல்லை. அதன் பிறகு அதிகாரி மாதிரியைச் சுற்றிக் காட்டச் சொன்னார். என் வேலையில் எனக்குக் கர்வம் உண்டு, வேகமாகச் சுற்றினேன். சாக்பீஸ் ஒரு தடவைகூட இறக்கையில் படவில்லை. அதிகாரி ஏதோ சொல்ல, தனசேகரன் தாழ்ந்த குரலில், "பாய், அப்ப இது சரியாத்தானே வேல செய்யுதுன்னு கேக்குறாரு" என்றார். ஆயுதம் என்று சந்தேகிக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்து, கையை எடுத்தேன்.

அதன் பிறகு அதிகாரி சக்கரத்தைத் திருப்பி, ஸமீரா என்று வெட்டியிருப்பதைக் காட்டி, இவள்தானே செய்தவள் என்றார். இல்லை. ஒரே மாதிரி சாமான்கள் மாறிவிடாமல் இருக்க, யாருக்குச் செய்கிறோமோ அவர் பெயரைத்தான் எங்கள் பட்டறையில் வெட்டுவோம். செய்தவன் பெயரை வெட்டுவதில்லை. போய்ப் பாருங்கள், அங்கே கிடக்கும் மோட்டார் சக்கரங்களில் போட்டாதாங் படகுக்காரர்கள் பெயர்தான் இருக்கும். அவர்களா செய்தார்கள்? வீட்டுக்குள் கொடுக்கிற சாமானுக்குப் பெயர் எதற்கு? பழக்க தோஷத்தில் வெட்டிவிட்டேன். அந்த முட்டாள்தனம் என்னுடையது.

பையில் மாதிரியோடு இருந்த வரைபடமும் நான் போட்டதே. அதிலுள்ள எழுத்து அவளுடையது என்றால், எனக்குக் கண் மங்கல், நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். இதைச் சொல்லும்போது ஸமீரா, "வாப்பா, வேணாம்" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள், அத்தனையும் உண்மை. செய்தவன் பெயர் சக்கரத்தில் இல்லை. இங்கே போடுகிறேன்.

(ஒப்பம்) அ. ரஹ்மத்துல்லா