வலப்பக்கப் படம்

என் ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாக செல் வளர்க்கும் ஒரு தட்டுகூடப் பூஞ்சை பிடித்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். விசாரணை என்றால் குறையை மட்டும்தான் எழுத வேண்டும் என்று சட்டமா என்ன?

நான் வளர்த்தது ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய்ச் செல்களை. சோதனை எளிது. தட்டின் ஒவ்வொரு குழியிலும் சல்லடை போன்ற ஒரு மெல்லிய தடுப்பு, அதன்மேல் ஜெல், ஜெல்லின்மேல் செல்கள். தடுப்புக்குக் கீழே வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைக் கரைத்து வைப்போம். அதன் வாடை பட்டதும் செல்கள் ஜெல்லைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். உடம்பில் எலும்புக்குப் பரவுவதும் ஏறக்குறைய இப்படித்தான். அந்தப் புரதம் இல்லையென்றால் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே கிடக்கும்.

நான் கண்டுபிடித்த இலைச்சாறு அவற்றைத் தடுக்கும் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். ஆறு முறை சோதித்தோம்; ஆறு முறையும் இறங்கின. ஏழாவது முறை, சாறு விட்ட குழிகளுக்குக் கீழே நான் வளர்ச்சிக் காரணியை விடவில்லை. அந்தப் புட்டியை நான் ஒருவன்தான் தொடுவேன், அது எங்கள் ஆய்வக வழக்கம். ஆகவே கேட்க ஆளில்லை. உண்மை வரத் தாமதமாகியது. நான் கொஞ்சம் முன்னால் போய் அழைத்துவந்தேன், அவ்வளவுதான்.

படம் அழகாக வந்தது. சாறு விடாத இடப்பக்கத்தில் கீழே இறங்கிய செல்கள் சாயமேறி ஊதாப் புள்ளிகளாக மொய்த்துக் கிடந்தன. வலப்பக்கம் துடைத்துவிட்டது போல வெறுமையாக இருந்தது.

அந்தத் தீபாவளிக்கு மேரு ஊரிலிருக்கும் என் அக்கா லோகேஸ்வரி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கணவர் ஜெயராஜ் அத்தான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். அவருக்கும் அதே புற்றுநோய், சுரப்பியைத் தாண்டாத நிலையில். அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் ஆஸ்பத்திரி என்ன சொன்னாலும் என்னிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வார்கள். வெள்ளைக் கோட்டுக்கு அப்படியொரு மரியாதை. முறுக்குத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன்.

"ஆப்பரேஷன் பண்ணா பேம்பர்ஸ் போட்டுக்கிட்டுத் திரியணும்னு சொல்றாங்க மச்சான்," என்றார். "இது உன் மருந்தா?"

"என் மருந்துதான் அத்தான்."

"அப்புறம் எதுக்கு லா ஆப்பரேஷன்? நீ குடு."

பதினோரு மாதம் கொடுத்தேன். ஞாயிறுதோறும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து நானே கார் ஓட்டிப் போய், சாற்றில் செய்த மாத்திரையை அவர் கையில் வைத்தேன். எந்த டாக்டர் இப்படி வீடு தேடி வருவார்? ரத்தப் பரிசோதனையில் புற்றுநோயைக் காட்டும் எண் ஏறியபோது, மருந்து பிடிக்கும்போது முதலில் அப்படித்தான் என்றேன். இடுப்பு வலித்தபோது, முப்பது வருடம் லோரி ஓட்டிய இடுப்பு என்றேன். முதுகெலும்புக்குப் பரவிவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்தபோதும் அவர் என்மேல் கோபப்படவில்லை. அக்காதான் அவரை அடக்கம் செய்த நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அது எனக்கு வலிக்கிறது.

பிறகு என் உதவியாளர் வாணி, இரு பக்கமும் வளர்ச்சிக் காரணியைத் தானே விட்டு, அந்தச் சோதனையை நான்கு முறை செய்து பார்த்தாள். நான்கு முறையும் சாறு விட்ட பக்கத்திலும் செல்கள் இறங்கின.

"சார், சாறு விட்ட பக்கம் நீங்க குரோத் ஃபேக்டர் போடவே இல்லியா?" என்று கேட்டாள்.

"போடல," என்றேன். பொய் சொல்வது என் பழக்கமல்ல. அவள்தான் உங்கள் விசாரணைக் குழுவுக்குப் புகார் எழுதிப் போட்டாள் என்று தெரியும். கெட்டிக்காரப் பெண்.

மன்னிப்புக் கேட்கச் சொல்கிறீர்கள். எதற்கு? அத்தான் கத்திக்குப் பயந்தார். நான் பயமில்லாத பதினோரு மாதம் கொடுத்தேன். கடைசி ஆறு வாரத்தை விட்டுவிடுங்கள். இதே நிலைமை மறுபடி வந்தால் மறுபடியும் இதையேதான் செய்வேன்.

இந்த மார்ச்சில் என் ரத்தப் பரிசோதனை எண்ணும் ஏறியதை எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறீர்கள். ஆம், அத்தானுக்கு இருந்த அதே நிலைதான். பங்சார் ஆஸ்பத்திரி ஒன்றில் பன்னிரண்டே நாளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். என் மருந்தை நான் ஏன் சாப்பிடவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். படித்தவர்கள் கேட்கிற கேள்வியா இது? அதை இன்னும் மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கவே இல்லையே.