ஆறு சோழி, ஒரு சங்கு

இல்லீங்க டீச்சரம்மா, கோவம்லாம் இல்ல. நீங்க இன்னா பண்ணுவீங்க, பெரிய சாரு சொல்லி அனுப்பிச்சதை வந்து சொல்றீங்க. எம் பொண்ணு ராபியா ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குறா, திங்கக்கெழமையிலேர்ந்து அவளை ஸ்கூலுக்கு அனுப்ப வேணாம், அவ்ளோதானே? புரிஞ்சிடுச்சு. மொதல்ல ஒக்காருங்க. அய்யய்யோ, அந்த ஸ்டூல் வேணாம். ஒரு காலை ரிப்பேர் பண்ணிகினு இருந்தேன், பாதியில நிக்குது. எப்ப ஆரம்பிச்சேனா? போன பக்ரீத்துக்கு. சிரிக்காதீங்க. பாயில ஒக்காருங்க, அடுப்புல டீ வெச்சிருக்கேன், குடிச்சிட்டுதான் போவணும்.

அவ பண்றதுலாம் எனக்குத் தெரியாதா? நாலு கணக்கைக் கரீட்டாப் போட்டுட்டு, அஞ்சாவது கணக்கு எடத்துல ஆடு வரைஞ்சு வெச்சாளாமே. ஜன்னல் பக்கம் ஆடு போச்சாம். இன்னாடி இதுன்னு நீங்க கேட்டதுக்கு, கணக்கு எங்கியும் போவாது டீச்சர், ஆடு பூடும்னாளாமே! பாருங்க, இப்பவும் சிரிக்கிறீங்க. பெரிய சாரு சிரிச்சிருக்க மாட்டாரு.

கதவு ஆடுதா? காத்துங்க. கடல் காத்து. சாயந்தரமானா இப்டிதான்.

அவளைச் சொல்லி இன்னா பண்றது, அத்தா என்னைக் கொண்டு பொறந்திருக்கா. எங்க வூட்டுக்காரி சைனம்பு எனக்கு ஒரு தபாக்கு ஒரு வேலைதான் சொல்லுவா. ரெண்டு சொன்னா ரெண்டும் நடக்காது. கைக்குட்டையில முடிச்சுப் போட்டு அனுப்புவா. முடிச்சு கீதுன்னு தெரியும், எதுக்குப் போட்டான்னு தெரியாது! போன மாசம் சோழி மாலை கோக்க நூலு வாங்க செங்கல்பட்டு போனேன். வாங்கிகினு பஸ் ஏறுனேன். எறங்கிப் பார்த்தா மதுராந்தகம்! பேச்சு சுவாரசியம்னு வெச்சுக்கோங்களேன். ஏரி ரொம்பி நின்னுது, அதை வேற ஒரு மணி நேரம் பார்த்தேன். நூலு பஸ்ஸுலயே பூடுச்சு.

அட, டீ!

பொங்கிடுச்சு. பாதி கீது. இந்தாங்க.

ஏழாம் வாய்ப்பாடு அவளுக்கு வரலேன்னீங்க இல்ல? வூட்டுல வருதுங்க. சத்தியமா. கடைக்கு மாலை கோக்கும்போது நீங்க வந்து பார்க்கணும். ஆறு சோழி, ஒரு சங்கு, ஏழு. திரும்ப ஆறு சோழி, ஒரு சங்கு, பதினாலு. எழுபது வரைக்கும் ஒரு தப்பு கெடையாது. கை சும்மா இருந்துச்சுன்னா அவ மனசு தெருவுக்கு ஓடிடும். கைக்கு ஒரு வேலை குடுங்க, காது உங்ககிட்டியே நிக்கும். நான் எங்க கண்டுபிடிச்சேன்? சைனம்புதான், என்னை வெச்சுக் கண்டுபிடிச்சா. என்கிட்ட முக்கியமா ஏதாவது பேசணும்னா ஊசியும் நூலும் கையில குடுத்துட்டுதான் ஆரம்பிப்பா.

அதான் கேக்குறேன். கடைசி பெஞ்சுல ஒக்கார வைங்க. மடியில துணி விரிச்சுக் கோத்துகினே கேக்கட்டும், சத்தம் வராது. நடுவுல தண்ணி எடுத்தாடி, போர்டைத் தொடைடின்னு ரெண்டு தபா எழுப்பி விடுங்க. ஒரே ஒரு மாசம். பேஜாரு பண்ணா நானே வந்து கூட்டினு போயிடுறேன்.

இன்னா? பொம்பளைப் புள்ளைதானே, அந்த மாலையை வூட்டுல ஒக்காந்தே கோக்கட்டும்னு சொன்னாரா பெரிய சாரு?

ம்.

டீ ஆறுது, குடிங்க. சக்கரை போட்டேனா? போடலியா? மூஞ்சியிலேயே தெரியுது. போடுறேன் இருங்க.

அந்த மதுராந்தகம் பஸ்ஸு சொன்னேன் பாருங்க. பேச்சு சுவாரசியம்லாம் ஒண்ணுமில்ல டீச்சரம்மா. எனக்கு போர்டு படிக்க வராது. எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸு கெளம்பிடும். கூட்டத்தோட ஏறிடுவேன். யாராவது கேட்டா மறதின்னு சிரிச்சிடுவேன். மறதிக்காரன்னா சிரிப்பாங்க, அவ்ளோதான். படிக்கத் தெரியாதுன்னா பாக்குற பார்வையே வேற.

நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போது இதே மாதிரிதான் ஒரு சாரு வூட்டுக்கு வந்தாரு. உங்க புள்ளை ஒரு எடத்துல நிக்கல, இனிமே அனுப்ப வேணாம்னாரு. எங்க அத்தா நல்ல மனுசன், வாத்தியார்னா அவ்ளோ மரியாதை. எதுத்து ஒரு வார்த்தை கேக்கல. சரிங்க சார்னு தலையாட்டிட்டாரு. நான் அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் நின்னுகினு இருந்தேன். அவரு ஏதாவது சொல்லுவாரு, சொல்லுவாருன்னு பார்த்துகினே இருந்தேன்.

நான் தலையாட்ட மாட்டேன் டீச்சரம்மா. திங்கக்கெழமை அவளைக் கூட்டினு நானே வரேன், பெரிய சாரு கிட்ட நானே பேசுறேன். நீங்க பக்கத்துல நின்னா போதும்.

இல்லீங்க, கதவை ஆட்டுனது காத்து இல்ல. இவ்ளோ நேரமா அங்கதான் நிக்குறா. ஒரு எடத்துல நிக்க மாட்டான்னீங்களே, பாருங்க, அசையாம நிக்குறா.