தவமணியின் பெயரை வெட்டாத பாக்கியலெட்சுமி அம்மையாருக்கு

பனி படரும் நமுனுகுல மலைச்சாரலில், மேல்கந்தைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போன தாய்மாரின் குழந்தைகளை முப்பத்தோராண்டு தோளிலும் தொட்டிலிலும் தாங்கிய தாயே! கனிவிலும் கண்டிப்பிலும் கடுகளவும் குறையாத காவலரே! பணி நிறைவு காணும் பாக்கியலெட்சுமி அம்மையாரே, வணக்கம்!

உங்கள் பெருமைகளை அடுக்கினால், "போதும், சோறு ஆறுது" என்பீர்கள். ஆகவே கருப்பம்மாவின் கதையை மட்டும் சொல்கிறோம்.

கருப்பம்மாவின் மகள் தவமணிக்கு நாலு வயதாகியும் இடுப்பு நிற்கவில்லை, பேச்சு வரவில்லை. வயிற்றில் சுமந்தபோது என்ன தப்புச் செய்தோமோ என்று அவள் தன்னையே நொந்துகொண்டு திரிந்தாள். நீங்கள்தாம் இருவரையும் பஸ் ஏற்றிப் பதுளைக்குக் கூட்டிப்போனீர்கள். டாக்டர் இரகுநாதன் எடுத்த இரத்தம் இங்கிலாந்துவரை போய், எட்டு மாதத்தில் பதில் வந்தது. பிள்ளையின் குரோமோசோம் இழை ஒன்றில் ஒரு துண்டு இரட்டித்திருக்கிறது. மிக அரிதான குறை.

"ஒரு துண்டு கூடத்தானே இருக்கு? அப்புறம் புள்ளைக்கு ஏன் எல்லாம் கொறைச்சலா இருக்குங்க?" என்று கேட்டாள் கருப்பம்மா.

"கறிக்கு உப்பு ரெண்டு தரம் விழுந்தா என்ன செய்யும்? அது மாதிரித்தான். உங்கட பிழை ஒண்டும் இல்லை. மருந்தும் இல்லை. மற்றப் பிள்ளையளோட விட்டு, விடாமப் பழக்க வேணும்" என்றார் டாக்டர். அன்றுதான் கருப்பம்மா வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆனால் ஐந்து வயதானால் காம்பராப் பதிவேட்டில் பெயரை வெட்டிவிடுவது தோட்டத்துச் சட்டம். வெட்டினால் தவமணி லயத்து வீட்டுக்குள் பூட்டிக் கிடக்க வேண்டும். இல்லையென்றால் கருப்பம்மா வேலையை விட வேண்டும். நீங்கள் நேரே பெரிய துரையிடம் போனீர்கள். "அவ சொந்தக் காலால வாசப்படியத் தாண்டட்டும் தொரை, அன்னைக்கே பேர வெட்டுறேன்" என்றீர்கள். இது எங்கே நடக்கப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, துரை தலையாட்டிவிட்டார்.

நான்கு ஆண்டுகள்! தொட்டில் சீலையை அவள் இடுப்பில் கட்டி, பின்னால் பிடித்துக்கொண்டே நடத்தினீர்கள். ஆறு வயதில் கரண்டி பிடித்தாள். ஏழில் "பால்" என்றாள். எட்டு வயதில் சுவர்க்கம்பைப் பற்றி நின்றாள். போன வெள்ளி பகல், பாலூட்டத் தாய்மார் வந்த நேரம், கம்பை விட்டுவிட்டு நாலே எட்டு வைத்துப் படியைத் தாண்டினாள். கருப்பம்மா கூடையைப் போட்டுவிட்டு அழுதாள். மறுகணமே பெயர் வெட்டும் நினைவு வந்து அவள் முகம் கறுத்தது.

நீங்கள் பிள்ளையைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டு, காம்பரா ஊழியர்களாகிய எங்களைப் பார்த்தீர்கள்.

"யாராச்சும் எதையாச்சும் பாத்தீங்களா?"

"இல்லீங்கம்மா" என்றோம்.

முப்பத்தோராண்டில் நீங்கள் எங்களைச் சொல்லவைத்த ஒரே பொய் அது. அதை இன்று நாங்களே உடைக்கிறோம். பெரிய துரை முன்வரிசையில்தான் இருக்கிறார், கேட்கட்டும். தவமணி நடந்தாள். எல்லோரும் பார்த்தோம். ஆனால் அந்த நாலு எட்டு நாற்பதாகும்வரை, "பால்" என்ற வாய் "அம்மா" என்னும்வரை, அவள் பெயரை நாங்களும் வெட்டமாட்டோம். பதிவேடு இப்போது எங்கள் கையில்.

மூட்டுவலி விலகி, மூச்சு முட்டாமல் மேடேறி, அவளுடைய நாற்பதாவது எட்டைப் பார்க்க நீங்கள் வர வேண்டும். அதற்கும் அப்பால் நெடுங்காலம் வாழ்க!

மேல்கந்தை, 30.06.1984

இங்ஙனம்,
அன்று எதையும் பார்க்காத, இன்று பெயர் எழுதிக் கையொப்பமிடும்
பிள்ளைக்காம்பரா ஊழியர்கள்