பின்சீட்டுக்கு அடியில் இருந்த சைலன்சர்

என் பெயர் இந்த வாக்குமூலத்தின் மேலே எழுதப்பட்டுள்ளது, ஆனால் தெருவில் போல்ட்டு என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். வயது நாற்பத்தாறு. கார் மெக்கானிக். தண்ணீர் டேங்குக்குப் பின்னால் உள்ள ஷெட்டும் அதன் மாடியும் என் முகவரி. புகார் கொடுத்தவர் என் தங்கையின் கணவர், நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன்.

வியாழக்கிழமை மாப்பிள்ளை தன் சின்னக் காரில் ஷெட்டுக்கு வந்தார். பின்சீட்டில் தூங்கிய தன் மூன்று வயதுப் பாப்பாவைக் காட்டி, "நம்ம வண்டி தொட்டில் மாதிரி மச்சான், ஏறின பத்து நிமிஷத்துல தூங்கிடுறா" என்று பெருமையாகச் சொன்னார். பாப்பாவை வெளியே தூக்கினேன். கண் விழித்ததும், "தலை வலிக்குது மாமா" என்றாள். அதன் பிறகு நான் காருக்கு அடியில் படுத்துப் பார்த்ததில், சைலன்சர் குழாய் துருவேறி, பின்சீட்டுக்கு நேர் கீழே மூன்று விரல் போகிற ஓட்டை இருந்தது, அதற்கு மேலே தரைத்தகட்டிலும் துளை இருந்தது. புகை உள்ளே ஏறுகிறது, பிள்ளை தூங்கவில்லை, மயங்குகிறாள் என்றேன். "உங்களுக்கு எந்த வண்டியப் பாத்தாலும் ரிப்பேர்தான்" என்று சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை ஐயா. பாப்பாவுக்குக் காதுவலி வரக்கூடாது என்றுதான் கண்ணாடியை ஏற்றியே ஓட்டுகிறார். போகும்போது நாலு கண்ணாடியையும் நானே இறக்கிவிட்டேன்.

அதன் பிறகு ஞாயிறு காலை ஐந்து மணி நேரப் பயணம் போகிறார்கள் என்று தங்கை சொன்னாள். போனில் இரண்டு முறை மன்றாடினேன், போய்விட்டு வந்து பார்க்கலாம் என்றார். தங்கை புருஷனிடம் குரலை உயர்த்த முடியுமா? சாவியை ஒளித்தால் இன்னொரு சாவி இருக்கிறது. ஆகவே சனிக்கிழமை பிற்பகல் அவர் முடிவெட்டப் போன நேரத்தில் அவர் வீட்டில் நின்ற காரை ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து, நட்டுகளில் எண்ணெய் அடித்து ஊறவிட்டு, அதன் பிறகு சைலன்சரைத் தாங்கும் ரப்பர்களைக் கழற்றி, அதன் பிறகு முன்பக்க நட்டுகளைத் திருகியதில் ஒன்று கழன்றது, ஒன்று முறிந்தது. பின் அச்சில் குழாய் சிக்கியதால் ரம்பத்தால் அறுத்து இரண்டு துண்டாக எடுத்தேன். தங்கை டார்ச் பிடித்தாள். அதை எழுத வேண்டாம் என்றேன், எழுதியாயிற்று என்று எழுத்தர் சொன்னார்.

புதுசுக்குச் சொல்லி வைத்திருந்தேன், செவ்வாய்க்கிழமைதான் வரும். சைலன்சர் இல்லாமல் கிளப்பினால் ஊரே திரும்பிப் பார்க்கும், மாப்பிள்ளை கூச்சப்படுகிறவர், எடுக்க மாட்டார் என்று கணக்குப் போட்டேன். திருட்டுப் புகாரோடு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வருவார் என்று போடவில்லை.

இன்று எல்லோரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். இங்கே மேசை மேல் வைத்துக் காட்டிய துண்டுகள் நான் கழற்றியவைதான். மாப்பிள்ளை அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மூன்றும் போயின. அதன் பிறகு பெஞ்சில் ஏறி நின்று எழுத்தரிடம் பேனா கேட்டு அடம்பிடித்த பாப்பாவை வெகுநேரம் பார்த்தார். "பஸ்ஸுல ஒண்ணேகால் மணி நேரம் மச்சான். ஒரு நிமிஷம்கூடத் தூங்கல" என்றார்.

திருடும் எண்ணம் எனக்கு இல்லை. மறுபடி அப்படி ஒரு வண்டி வந்தால் மறுபடியும் கழற்றுவேன். படித்துக் காட்டக் கேட்டேன், டார்ச் சமாச்சாரம் உட்பட அத்தனையும் நான் சொன்னது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
போல்ட்டு