அரை டம்ளர் தண்ணி

வேண்டாம் தம்பி, புதுசு எதையும் எடுத்துக் காட்டாதீங்க. மொதல்ல இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க. இது மூணாவது. ஜேட் செடி சார், நீங்களே நெனச்சாலும் சாகாது, கண்ண மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்கன்னு இதே எடத்துல நின்னுதான் சொன்னீங்க. நானும் கண்ண மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போனேன். இப்ப நீங்க கண்ணத் தொறந்து பாருங்க. எல எல்லாம் மஞ்சளாப் போயி, தொட்டா கொழகொழங்குது. அடித்தண்டு கறுத்தே போச்சு. வர்ற வழியில பஸ்ஸு ஒவ்வொரு குலுக்கு குலுக்கும்போதும் எலைய உதுத்துக்கிட்டே வந்துச்சு. பக்கத்து சீட்டு அம்மா மடியெல்லாம் எல. அந்தம்மா என்னப் பாத்த பார்வை இருக்கே, ஏதோ நான் வேணும்னே கொட்டுன மாதிரி.

கோவம்லாம் இல்ல. கோவப்படாம இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல, அவ்வளவுதான்.

நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு தெரியும், நானே சொல்லிடறேன். வெயிலு படுதான்னா, படுது. சமையல்கட்டு ஜன்னல்ல காலை வெயிலு நேரா விழும். அங்கதான் வெச்சிருக்கேன். தொட்டி நீங்க குடுத்த அதே மண் தொட்டி. அடியில ஓட்டை சின்னதா இருக்குன்னு நானே டிரில் போட்டு பெருசாக்குனேன். நான் லிஃப்ட் மெக்கானிக்கு தம்பி, ஓட்டை போடறத எனக்குச் சொல்லிக் குடுக்க வேண்டாம். மண்ணு பாதி, மணல் பாதி. அதுவும் நீங்க சொன்னதுதான். தண்ணி அரை டம்ளர். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். அதுக்கு மேல ஒரு சொட்டு ஊத்துனா என்ன ஏன்னு கேளுங்க. லிஃப்டுல இத்தனை பேருதான் ஏறணும்னு எழுதியிருந்தா, அதுக்கு மேல ஒரு கொழந்தையக் கூட ஏத்த மாட்டேன் நான். சொன்னா சொன்ன மாதிரி செய்யற ஆளு. அப்படியிருந்தும் அழுகுதுன்னா கொறை எங்கிட்டயா, உங்க செடிகிட்டயா?

சிரிக்காதீங்க. உங்களுக்கென்ன, ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு விப்பீங்க.

மொதல் செடி உங்ககிட்ட வாங்குனதில்ல. அது எம்பொண்ணு வளத்தது. யாரோ கூட வேலை பாக்கற பொண்ணு வீட்டுலேர்ந்து ஒரே ஒரு எலைய பர்ஸுக்குள்ள வெச்சு எடுத்துட்டு வந்தா. மண்ணு மேல சும்மா போட்டு வெச்சா. பைத்தியமா இதுன்னு நெனச்சேன். பாத்தா அந்த எலைக்கு மீசை மாதிரி வேரு வந்துச்சு. அப்புறம் குட்டியா ரெண்டு எல. அப்படியே முழங்கை ஒசரத்துக்கு வந்துடுச்சு. அவளுக்கு வெளியூர்ல வேலை கெடச்சுதுல்ல, கெளம்பும்போது, அப்பா, இதச் சாக விட்டீங்க, நான் உங்ககூடப் பேச மாட்டேன்னு சொல்லிட்டுப் போனா. வெளையாட்டுக்குத்தான் சொன்னா. அதுவும் அவ போயி ரெண்டு மாசத்துல இதே மாதிரி அழுகிப் போச்சு.

அப்பதான் உங்ககிட்ட ஓடி வந்தேன். போன்ல ஃபோட்டோவக் காட்டி, இதே மாதிரி ஒண்ணு வேணும்னு கேட்டேனே, ஞாபகம் இருக்கா? ஆங், அந்த ஆளுதான் நான். ஒரு கிளை கூடுதலா இருந்ததுன்னு ஒடிச்சு விடச் சொன்னேன். ஆமாமா, பொண்ணுகிட்ட சொல்லல. சொல்லி? அவ அங்க ஒத்தையில கெடந்து கஷ்டப்படறா, இதுல செடி வேற செத்துப் போச்சுன்னு சொல்லணுமா? ஒரு தடவ வீடியோ கால்ல கண்டுபுடிச்சுட்டா. என்னப்பா, செடி குட்டையாயிடுச்சுன்னா. கேமராவத் தூக்கிப் புடிச்சா அப்படித்தாம்மா தெரியும்னு சொல்லிச் சமாளிச்சேன்.

என்ன பண்றீங்க? விரல விட்டுப் பாக்காதீங்க, இருக்கற ரெண்டு வேரும் போயிடப் போவுது. ஈரமா? ஈரமா இருக்காதே. நான் தண்ணி ஊத்தி பத்து நாளைக்கு மேல ஆச்சு. எங்க, விரலக் காட்டுங்க. அட... சேறு.

அது எப்படி? மழைத் தண்ணி உள்ள வர வழியில்ல. ஜன்னலுக்கு மேல சன்ஷேடு இருக்கு. பாத்திரம் கழுவற தொட்டி அந்தப் பக்கம் இருக்கு, இந்தப் பக்கம் தெறிக்காது. வீட்டுல வேற யாருன்னா... நானும் வீட்டுக்காரியும்தான். பொண்ணுதான் போயிட்டாளே.

சேச்சே, அவ ஊத்த மாட்டா. எப்படித் தெரியும்னா, தெரியும். அவளுக்கு இந்தச் செடி கொடியெல்லாம் ஆகாது. அவ அப்படிச் சொன்னாளான்னா, சொன்னதில்ல. நானா நெனச்சுக்கிட்டதுதான். அவளுக்கு எங்க நேரம்? ஆஸ்பத்திரில ரத்தம் எடுக்கற வேலை. விடியறதுக்கு முன்னாடி போயிடுவா. அவ வந்ததும் நான் கெளம்பிடுவேன், எனக்கு சாயந்தர ஷிஃப்டு. நான் கேட்டேனான்னா... கேக்கல.

இருங்க இருங்க. ஜன்னல்ல ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர் இருக்கும். எப்பவும் கவுத்து வெச்சிருக்கும். அவ மாத்திரை போடறதுக்கு வெச்சிருக்கான்னு நெனச்சேன். மாத்திரை டப்பா பெட்ரூம்ல இல்ல இருக்கு? டம்ளர் எதுக்கு சமையல்கட்டு ஜன்னல்ல? அடக் கடவுளே. அப்ப இவளும் ஊத்திக்கிட்டு இருக்கா. நான் ஒரு வாரம், அவ ஒரு வாரம். இல்ல, அவ வாராவாரமே ஊத்தறாளோ என்னமோ. மூணு செடியையும் ரெண்டு பேரும் சேந்து குளிப்பாட்டியே கொன்னிருக்கோம்.

அதனாலதான் அன்னிக்கு இவ அப்படிச் சொன்னாளா? பொண்ணு செடி குட்டையாயிடுச்சுன்னு கேட்டாளே, நான் கேமரா அது இதுன்னு உளறிக்கிட்டு இருந்தேன். இவ நடுவுல பூந்து, நாங்கதாம்மா கிளைய வெட்டி விட்டோம், அப்பதான் தண்டு பெருக்கும்னு சொன்னா பாருங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் செடிய மாத்துனது இவளுக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொல்லவே இல்லையே.

ஒரு உதவி பண்ணுங்க தம்பி. நம்பர் தர்றேன், நீங்க எங்க வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. நர்சரிலேர்ந்து பேசறேன், உங்க வீட்டுக்காரரு வந்தாரு, செடிக்கு ஒரு ஆள் தண்ணி ஊத்துனாப் போதும்னு சொல்லுங்க. இனிமே அவளே ஊத்தட்டும். நான் நிறுத்திக்கறேன். அதையும் சொல்லிடுங்க, ஆனா நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க.

நானே சொல்லலாம்தான். ஒரே வீடுதான். ரெண்டே ரூமு.

சீட்டு எழுதி வைக்கறதா? எழுதி வெச்சா நான்தான் மொதல்ல பேசுனேன்னு ஆயிடும்ல.

ஆமா. பேசிக்கறதில்ல. பெரிய விஷயம்லாம் ஒண்ணும் இல்ல, கேட்டா சிரிப்பீங்க. ஃப்ரிட்ஜ எந்தப் பக்கம் வைக்கறதுன்னு வந்த பேச்சு. அவ ஜன்னல் பக்கம்னா, நான் கதவுப் பக்கம்னேன். பாதித் தூரம் நகத்தும்போது வாக்குவாதம். எத்தனை மாடிக்கு எத்தனை ஃப்ரிட்ஜு போறத தெனம் பாக்கறேன், எனக்குத் தெரியாதான்னு கேட்டேன். உங்களுக்குத் தெரியாதது ஒலகத்துல இருக்கான்னு கேட்டா. அதோட நின்னுச்சு. பேச்சும் நின்னுச்சு, ஃப்ரிட்ஜும் நின்னுச்சு. இன்னும் ஹாலு நடுவுலதான் நிக்குது. ரெண்டு பேரும் அதச் சுத்திக்கிட்டுத்தான் போறோம் வர்றோம். மொத ரெண்டு நாளு கோவத்துல பேசல. அப்புறம் கோவம் போயிடுச்சு தம்பி, சத்தியமா போயிடுச்சு. ஆனா இத்தனை நாள் கழிச்சு எத வெச்சு ஆரம்பிக்கறது? டீ வேணுமான்னா? எனக்கு வாய் வரைக்கும் வருது, அப்படியே முழுங்கிடறேன். சிலிண்டர் தீந்து போச்சுன்னா அவ சுவத்தப் பாத்துச் சொல்லுவா. நானும் சுவத்தப் பாத்தே சரிங்கறேன். அந்தச் சுவரு மட்டும் மனுஷனா இருந்தா எப்பவோ எங்களத் திட்டிட்டு வீட்ட விட்டுப் போயிருக்கும்.

சரி, அதோ அந்த ரெண்டாவது வரிசையில ஓரமா இருக்கே, அது ஒசரம் சரியா இருக்கும். அதையே குடுங்க. ஆமா, வேண்டாம்னுதான் சொன்னேன். இப்ப வேணும்ங்கறேன். நாளைக்கு ஞாயித்துக்கிழமை.

ஞாயித்துக்கிழமைதான் பொண்ணு வீடியோ கால்ல வருவா. நாங்க பேசாம இருக்கறது அவளுக்குத் தெரியாது. ஃப்ரிட்ஜு தெரியாத மாதிரி சோஃபாவத் திருப்பிப் போட்டு, ரெண்டு பேரும் தோளோட தோள் ஒட்டி உக்காந்துக்குவோம். அவ அம்மாகிட்ட கொஞ்சம் பேசுவா, எங்கிட்ட கொஞ்சம் பேசுவா. கடைசியா, அம்மா, என் செடியக் காட்டுன்னு கேப்பா. அப்ப இவ எம்பக்கம் திரும்பி, ஏங்க, அந்தச் செடியக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்னு சொல்லுவா. ஏங்கன்னு. பழைய மாதிரியே, அதே கொரல்ல. நான் எழுந்து போயி எடுத்துட்டு வருவேன். போன் கட்டானதும் அவ எழுந்து உள்ள போயிடுவா. வாரத்துக்கு அந்த ஒரு தடவதான் தம்பி. இந்தச் செடியும் இல்லன்னா, அவ என்னைய எதுக்குன்னு கூப்புடுவா?