வேலிக்காரர்களுக்கு ஒரு பாவம்

இந்த அறையில் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது, ஐயா. காவல் நிலையம் என்றால் புழுக்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். "நடந்ததை உங்க கையாலயே எழுதிக் குடுங்க" என்றீர்கள். எழுதுவது எனக்குப் பழக்கமான வேலைதான். ஆனால் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஞாயிறுதோறும் மதியம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு பேர் கூடுவார்கள். என் மைத்துனன், ஒரு வக்கீல், ஒரு பல் டாக்டர், அப்புறம் நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் பழைய நண்பன். எல்லாருக்கும் நரை விழுந்துவிட்டது. ஆனாலும் மேசையைச் சுற்றி உட்கார்ந்ததும் ஒருவர் வாள்வீரர், இன்னொருவர் மந்திரவாதி என்று ஆகிவிடுவார்கள்; வக்கீல் மட்டும் திருடன். பாத்திரம் அவரவர் விருப்பம், நான் யோசனை சொல்லவில்லை. இது ஒரு கதை விளையாட்டு; பகடையை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். அவர்கள் உலவும் ராஜ்யத்தையும் அதில் அடித்துக்கொள்ளும் கோஷ்டிகளையும் படைப்பது என் வேலை.

அந்தக் கோஷ்டிகளில்தான் சிக்கல் வந்தது. என் ராஜ்யத்தில் நல்லவன் வெள்ளை அங்கி போட்டிருப்பான். கெட்டவன் வாயைத் திறக்கும் முன்பே சிரிப்பான். ஒரு ஞாயிறு மைத்துனன் பகடையைக் கீழே வைத்துவிட்டான்.

"அத்தான், யாரு பக்கம் நிக்கணும்னு பார்த்த உடனே தெரிஞ்சுபோகுது. இதுல யோசிக்க என்ன இருக்கு? நிஜத்துல ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கும். அதானே வேதனை?"

மற்ற மூவரும் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது சரி என்பதால் இன்னும் ஆழமாகக் குத்தியது.

நிஜத்தைத் தேடி எங்கே போவது? நான் எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். யாருக்கும் வேண்டாதவன் இல்லை என்பதால் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நான் தேடியது எங்கள் வாசலிலேயே சுருண்டு படுத்திருந்தது. ஆறு தெருநாய்கள்.

கீழ் வீட்டில் தனியாக இருக்கும் பாட்டு டீச்சர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அவற்றுக்குத் தீனி போடுவார். அவற்றில் ஒன்று இரண்டாம் மாடி மருந்துக்கடைக்காரரின் மகளைக் கடித்துவிட்டது. காயம் ஆறிவிட்டது. ஆனால் குழந்தை வாசலைத் தாண்ட மறுத்தாள்.

"நான் நாயைக் கொல்லச் சொல்லல சார். எம் பொண்ணு தூக்கத்துல அலறுறா. அவ பயமில்லாம ஸ்கூலுக்குப் போகணும், அவ்வளவுதான்" என்றார் அவர். "அதுங்க வாயில்லா ஜீவனுங்க தம்பி. இங்கேருந்து விரட்டினா எங்க போகும்?" என்றார் டீச்சர். இரண்டும் நியாயம். எனக்கு மெய்சிலிர்த்தது. மூளையைக் கசக்கியும் எனக்கு வராத ஒன்றை இவர்கள் படிக்கட்டில் நின்றபடி போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த ஞாயிறே என் ராஜ்யத்தில் ஓர் எல்லையூர் முளைத்தது. ஓநாய்களுக்குத் தீனி போடும் துறவிகள் ஒரு பக்கம்; குழந்தைகளைக் காக்க வேலி கட்டும் குடிகள் மறுபக்கம். வக்கீல் நடுவில் கட்சி மாறினார். பல் டாக்டர் வீட்டுக்குப் போவதையே மறந்துவிட்டார். மைத்துனன் என் தோளைத் தட்டி, "இப்பதான் அத்தான் வழிக்கு வந்திருக்கீங்க" என்றான்.

கோஷ்டி என்றால் அதற்கும் தீனி போட வேண்டும். இதில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடைக்காரரிடம், நாய் பிடிக்கும் வண்டியை வரச் சொல்லலாமா என்று நானே கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். டீச்சரிடம் போய், "வண்டியைக் கூப்பிடுறதப் பத்திக் கேட்டா, பார்க்கலாம்ங்கிறாரு டீச்சர்" என்றேன். குழந்தை நாயின் வாலை மிதித்திருக்குமோ என்று டீச்சரிடம் கேட்டேன். "இருக்கலாம், யாரு கண்டா" என்றார். அதைக் கொண்டுபோய் மருந்துக்கடைக்காரரிடம் சேர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இதைச் சிண்டு முடிவது என்று சிலர் சொல்லக்கூடும். நான் முன்தயாரிப்பு என்பேன்.

என் மனைவிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டிக்கிட்டுத் திரியுறீங்க. ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள். கூத்தாடி என்ற சொல்லைத் தவிர மற்றதில் எனக்கு மறுப்பில்லை.

பிறகுதான் அந்த விபரீதம் நடந்தது. இருவரும் சமாதானமாகிவிட்டார்கள்.

அந்தக் குழந்தை டீச்சரிடம் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தவள். சண்டையில் வகுப்பு நின்றுபோயிருந்தது. ஒரு மாலை அவளே டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டி, "பாட்டெல்லாம் மறந்துபோச்சு டீச்சர்" என்றாளாம். பெரியவர்கள் இருவரும் அழுதிருக்கிறார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி, கட்டடத்தின் பின்பக்கம் தீனி, பள்ளிக்குப் போகும்போது குழந்தைக்குத் துணையாக டீச்சர் என்று பேசி முடித்தார்கள். சங்கக் கூட்டத்தில் கைதட்டல் பலமாக இருந்தது. மருந்துக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நடுவுல நிக்கலன்னா இது நடந்திருக்காது சார்" என்றார். தங்கமான மனிதர்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வேலிக்காரர்களின் கதை அந்தரத்தில் தொங்குகிறது. நியாயம் உள்ள ஒரு கூட்டம் எந்த இடத்தில் வரம்பு மீறும்? மீறியபின் எந்த முகத்தோடு ஊரில் நடமாடும்? கோஷ்டிக்கு உயிரே அந்தப் பாவத்தில்தான் இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் தலைகீழாக நின்றாலும் அதைச் செய்யமாட்டார். அதற்கு வேண்டிய நெஞ்சழுத்தம் அவருக்குக் கிடையாது. ஆகவே அவருக்குப் பதிலாக நான் செய்தேன்.

ஒரு விடியற்காலையில் இறைச்சித் துண்டுகளில் எலி மருந்தைத் தடவிப் பின்பக்கம் வைத்தேன். நாய்கள் வாலாட்டிக்கொண்டு வந்தன. எனக்கு அவற்றின் மேல் எந்தக் கோபமும் இல்லை. மொட்டைவால் என்று டீச்சர் கூப்பிடும் நாய் சாப்பிடும் முன் என் கையை நக்கியது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன்.

டீச்சர் மொட்டைவாலின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யார் சொல்லியும் எழவில்லை. விஷம் என்றதும் எல்லாருக்கும் மருந்துக்கடை ஞாபகம் வந்தது. நான் வாயே திறக்கவில்லை, தேவைப்படவில்லை. "என் புள்ளை மாதிரி நெனச்சேனேப்பா உன்னை" என்றார் டீச்சர், மருந்துக்கடைக்காரரைப் பார்த்து. மாலைக்குள் யாரோ கடைக் கண்ணாடியை உடைத்தார்கள். நீங்கள் வந்து அவரை அழைத்துப் போனீர்கள். ஜீப்பில் ஏறும்போது அவர் மகள், "அப்பா, நெசமாவே நீங்களாப்பா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். வேலிக்காரத் தலைவனின் மகளுக்கு அது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

அவர் நிரபராதி, ஐயா. விட்டுவிடுங்கள். மனசாட்சி உறுத்தி நான் வந்திருப்பதாக நினைத்து நீங்கள் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தீர்கள். அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை. செத்த ஓநாய்கள், பழி சுமந்த தலைவன், மகளின் கேள்வி எல்லாவற்றையும் மேசையில் இறக்கினேன். நெட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டான். கடைசியாக உண்மைக் குற்றவாளியை வெளியே கொண்டுவந்தேன். இரண்டு பக்கத்துக்கும் நல்லவனாக இருந்த ஊர் எழுத்தன். சமாதானம் வந்தால் கதை முடிந்துபோகுமே என்று விஷம் வைத்தவன்.

மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். "போங்கத்தான். இவ்ளோ தூரம் கொண்டுவந்துட்டு கடைசில கோட்டை விட்டுட்டீங்க. ஒரு கதைக்காக எவனாவது இப்படிச் செய்வானா? ஆளு நம்புற மாதிரியே இல்ல."

மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று காலை நேராக இங்கே வந்தேன். நான் சொன்னதைக் கேட்டு நீங்களும் அதே மாதிரி சிரித்தீர்கள். "வெளையாட்டுக்காகவா? யாரு சார் நம்புவாங்க?" என்றீர்கள். அதனால்தான் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன். ஆறு நாய்களையும் கொன்றது நான். ஒரு நல்ல மனிதரைப் பெற்ற மகளே சந்தேகிக்கும்படி செய்ததும் நான். கொடியவன் என்று எழுதிக்கொள்ளுங்கள். பைத்தியம் என்றுகூட எழுதுங்கள், ஆட்சேபமில்லை. ஆள் நம்புகிற மாதிரி இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.