கம்பி எடுத்தவர்கள் முன்னுக்கு வாருங்கோ

தலைமைக் கதிரையை நிறைத்திருக்கும் இளையதம்பி ஐயா அவர்களே! ஆலையை அளந்து களைத்து வந்திருக்கும் பொறியியலாளர் தேனுகா அவர்களே! பெரியோரே, பெற்ற தாய்மாரே, பின்வரிசையில் கச்சான் கொறிக்கும் தம்பிமாரே! விமலேஸ்வரியின் பணிவான வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒலிவாங்கி கிடைத்தால் மட்டும் நிற்கமாட்டேன். சிரியுங்கள், சிரியுங்கள்!

நாளை மறுநாள் நமது நாலு மாடி அரிசி ஆலையை இடிக்கப் போகிறார்கள். போரில் செல்லடி பட்டு, வௌவாலுக்கு வீடாய்ப் போன ஆலை. எந்தத் தூணை முதலில் தட்டுவது, எந்தப் பக்கம் விழுத்துவது என்று இந்தத் தேனுகாப் பிள்ளை படம் வரைந்து மேடையில் மாட்டியிருக்கிறார். அழகான படம்! அத்தனை தூணுக்குள்ளும் கம்பி! அத்தனை மாடித் தட்டுக்குள்ளும் கம்பி!

தாய்மாரே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அந்தக் கம்பியெல்லாம் அங்கேயா இருக்கிறது? அப்படியானால் நமது புடலங்காய்ப் பந்தல்கள் எதில் நிற்கின்றன? மாட்டுக்கொட்டில்கள் எதில் நிற்கின்றன?

"அக்கா, எடுத்த இடத்தைச் சீமெந்தாலை வடிவாப் பூசிப்போட்டம்!"

கெட்டிக்காரர்தான் தம்பி! அதனால்தானே பிள்ளையின் கண்ணுக்கு அது தெரியவில்லை.

போன வருடம் புளியங்குளத்துக்கு அப்பால் ஒரு மூன்று மாடியை இடித்தார்கள். "இதிலை ஆரும் கம்பி கிம்பி எடுத்தனீங்களோ?" என்று கேட்டார்கள். "சீச்சீ, இல்லை!" என்றது ஊர். அந்த வார்த்தையை நம்பி மேலே ஏறியவர் என் கணவர் சுதாகரன். சம்மட்டியை ஓங்கினார். அடிக்க முன்னமே தட்டு இறங்கிவிட்டது. "மத்தியானத்துக்கு மீன் பொரிச்சு வையப்பா" என்று சொல்லிவிட்டுப் போனவர். பொரித்து வைத்தேன். அவர் வரவில்லை.

அழுவதற்கு நான் மேடை ஏறவில்லை. கேட்பதற்கு ஏறினேன்.

அதோ, மாமரத்தடியில் நிற்கும் நிருஷன்தான் இயந்திரம் ஓட்டப் போகிறவர். பக்கத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பது கஜனி. கலியாணப் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. கம்பியிருக்கிறது என்று நம்பி அவர் ஒரு தூணைத் தட்ட, கம்பியில்லாத தூண் அவர் தலைக்கு மேலே சாய்ந்தால்? அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? நீங்களா? நானா?

"பொலிசுக்குச் சொல்லுவினமோ அக்கா?"

சொல்லமாட்டார்கள். கேட்டுவிட்டுத்தான் வந்தேன். புடலங்காய்ப் பந்தலைப் பிரிக்கவும் வேண்டாம், கம்பியைத் திருப்பித் தரவும் வேண்டாம். எடுத்த இடத்துக்குப் படத்தில் ஒரு சிவப்பு வட்டம், அவ்வளவுதான்! அதைப் பார்த்துத் திட்டத்தைப் புதிதாய்ப் போடுவார்கள். நாள் தள்ளிப் போனால் போகட்டும். இவ்வளவு காலம் நின்ற ஆலைக்கு இப்போது என்ன அவசரம்?

யார் முதலில்? கமலாசனி மாமி! வாங்கோ, வாங்கோ, என்ன வெட்கம்? ஓமோம், அந்த மூலைத் தூண்தான். அடுத்தது ஆர்? தலைவர் ஐயா, நீங்கள் ஏன் எழும்புறியள்? ஐயோ, உங்கடை வீட்டு வாசல் கேற்றும் அந்தக் கம்பியோ! இந்தாங்கோ பேனை.

வரிசை நீள்கிறது, நான் விலகி வழிவிடுகிறேன். வட்டம் போடும் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. எனக்குக் கைதட்ட வேண்டாம். அந்தக் கையால் பேனையைப் பிடியுங்கள். வணக்கம்.